பனியனுக்குள் பத்துத் துப்பாக்கி

சாயங்காலம் ஆறு மணி. பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் ஷிஃப்ட் விடுகிற நேரம். ஓசூர் ரோட்டில் பஸ்ஸும் நகராது, ஆட்டோவும் நகராது. தலைக்கு மேலே, 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்த மஞ்சள் லைன் மெட்ரோ மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். பேகூர் ரோட்டுப் பக்கம் ஒரு சந்து. நிறுத்திவைத்த ஸ்கூட்டர் மேல் மூன்று பையன்கள், மூவருக்கும் சேர்த்து ஒரு போன். ஒருவன் வீட்டில் தமிழ், ஒருவன் வீட்டில் தெலுங்கு, இன்னொருவன் வீட்டில் ஒடியா. விளையாட்டுக்குள் புகுந்துவிட்டால் மூவரும் பேசுவது ஒரே பாஷை.

"குரு, அது எம்ஃபோர் இல்ல. ஹெச்கே. பேரல் பக்கம் பாரு."

சொன்னவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். கோயில் திருவிழாவில் பலூன் சுடும் ஏர்கன்னைத் தவிர வேறு எந்தத் துப்பாக்கியையும் அவன் தொட்டிருக்க வழியில்லை. ஆனால் அமெரிக்க கார்பைனுக்கும் ஜெர்மன் ரைஃபிளுக்கும் உள்ள வித்தியாசத்தை அரை நொடியில் சொல்லிவிடுகிறான். இந்த அறிவு எங்கிருந்து வந்தது?

அண்ணன்மார்களிடமிருந்து. 2002-இல் 'வைஸ் சிட்டி', 2004-இல் 'சான் ஆண்ட்ரியாஸ்'. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) வரிசையின் இந்த இரண்டும் பெங்களூரில் எஸ்.பி. ரோட்டுக் கடைகள் வழியாகவும், சென்னையில் ரிச்சி தெரு வழியாகவும் திருட்டு சிடியாக வீடு வீடாக நுழைந்தன. கம்ப்யூட்டர் இல்லாதவனுக்குப் பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துவிட்டுக் கேபினுக்குள் உட்கார்ந்தால், முதல் வேலை மிஷன் செய்வது கிடையாது, சீட் கோடு அடிப்பதுதான். 'ஹெசோயாம்' என்று தட்டினால் உயிர், கவசம், கூடவே இரண்டரை லட்சம் டாலர். 'நட்டர்டூல்ஸ்' என்று தட்டினால் கை நிறைய ஆயுதம். பதினாறாம் வாய்ப்பாடு மறந்து போனவர்களுக்கும் இந்தச் சொற்கள் இன்றைக்கும் விரல் நுனியில் நிற்கின்றன.

வைஸ் சிட்டியின் ஆயுதப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரும் ஆண்டும் ஆயுதமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய விளையாட்டு வேறொன்று இருக்கிறதா என்பது சந்தேகம். கதை நடப்பது 1986. ஊர், வேறு பெயரில் மயாமி. அங்கே கிடைக்கும் டெக்-9 கைத்துப்பாக்கியை நிஜத்தில் செய்த இன்ட்ராடெக் கம்பெனி மயாமிக்காரக் கம்பெனியேதான். இங்க்ரம் மேக்-10 என்ற குட்டி மெஷின்கன்னுக்கும் அந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. 1979 ஜூலை 11 அன்று மயாமியின் டேட்லேண்ட் மாலில் கொக்கைன் கும்பல்கள் மோதிக்கொண்டபோது கொலையாளிகள் கையில் இருந்தவற்றில் அதுவும் ஒன்று. அவர்கள் வந்திறங்கிய வேனின் பக்கவாட்டில் பார்ட்டி சாமான் சப்ளை செய்யும் கடையின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே இரும்புத் தகடு. கார் ஓட்டிச் சுடும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல முன்னுரை ஏது?

மூன்றாவது உதாரணம் இன்னும் நெருக்கம். விளையாட்டில் 'க்ரூகர்' என்று ஒரு ரைஃபிள் வரும். முதல் எழுத்தை எடுத்துவிட்டால் ரூகர். மினி-14 என்ற நிஜத் துப்பாக்கியைச் செய்யும் கம்பெனியின் பெயர் அது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. ஆட்கள் காரை மோதி மடக்கினார்கள். கொள்ளையரில் ஒருவன் கையில் மினி-14. ஐந்து நிமிடத்துக்குள் எஃப்.பி.ஐ. தரப்பில் இருவர் இறந்தார்கள், ஐவர் காயப்பட்டார்கள். கொள்ளையர் இருவரும் செத்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க போலீஸ் இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கியே மாறிப்போனது. ரிவால்வர் போய், அதிகக் குண்டு கொள்ளும் பிஸ்டல் வந்தது. கேபினில் உட்கார்ந்து க்ரூகரால் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்த பையனுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிந்தாலும் அவன் நிறுத்தியிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

'க்ரூகர்' என்று ஏன் ஓர் எழுத்தை ஒட்டினார்கள்? பெயருக்கு உரிமையாளர் உண்டு. உருவத்துக்கும் உண்டா என்பதில் வக்கீல்கள் இன்னும் சம்பாதிக்கிறார்கள். சான் ஆண்ட்ரியாஸில் ஏகே-47, எம்4, டெசர்ட் ஈகிள் எல்லாம் சொந்தப் பெயரிலேயே வந்தன. 2008-இல் வந்த நான்காம் பாகத்தில் 'பிஸ்டல்', 'அசால்ட் ரைஃபிள்', 'கார்பைன் ரைஃபிள்' என்று பொதுப்பெயராக்கிவிட்டார்கள். 2013-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது ஒரு படி மேலே போய் இல்லாத கம்பெனிகளையே உண்டாக்கினார்கள்: ஷ்ரூஸ்பரி, வோம் ஃபாயர், ஹாக் அண்ட் லிட்டில். கடைசிப் பெயர் ஸ்மித் அண்ட் வெஸனைக் கிண்டலடிக்கிறது என்பது துப்பாக்கிப் பெயர் தெரிந்தவனுக்கு உடனே புரியும். போர்ஷே, ஃபெராரி கார்களுக்கு ஃபிஸ்டர், க்ரோட்டி என்று மாற்றுப்பெயர் வைத்த அதே கை.

இந்த ஜாக்கிரதைக்குக் காரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 'ப்ளே பென்' என்று ஒரு கேளிக்கை விடுதி. சான் ஆண்ட்ரியாஸில் அதே சாயலில் 'பிக் பென்' வந்ததும் விடுதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது கலைப்படைப்பின் பேச்சுரிமை என்று விளையாட்டுக் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2013-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி, இனிமேல் துப்பாக்கிக் கம்பெனிகளிடம் லைசென்ஸ் வாங்கப்போவதில்லை, ஆனால் அவர்கள் துப்பாக்கிகளைக் காட்டுவதை நிறுத்தப்போவதும் இல்லை என்று அறிவித்தது. 2020-இல் ஹம்வீ ராணுவ வண்டியைச் செய்யும் ஏஎம் ஜெனரல், 'கால் ஆஃப் ட்யூட்டி' மேல் போட்ட வழக்கிலும் தோற்றது. மொத்தத்தில், பெயரை விட்டுவிடு, உருவத்தை வைத்துக்கொள் என்பதுதான் நடைமுறை. பொம்மனஹள்ளிப் பையன் பெயரை நம்பாமல் பேரலைப் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். பெயர் பொய் சொல்லும் என்று அவனுக்குப் பழகிவிட்டது.

உருவத்தில் இத்தனை நேர்மையாக இருப்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கூசாமல் ஏமாற்றுகிறார்கள். எடை.

சான் ஆண்ட்ரியாஸின் கதாநாயகன் சி.ஜே. வெள்ளை பனியன் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவான். அந்தப் பனியனுக்குள் கத்தி, பிஸ்டல், ஷாட்கன், எம்பி5, ஏகே-47, ஸ்னைப்பர், ராக்கெட் லாஞ்சர், கையெறி குண்டு, போதாததற்கு ஒரு கேமராவும் பாராசூட்டும். பட்டனை அழுத்தினால் எங்கிருந்தோ கைக்கு வரும். மினிகன் என்று ஒன்று இருக்கிறது. பெயரில்தான் மினி. ஆறு குழல்கள் மின்மோட்டாரில் சுழலும் நிஜமான எம்134, குண்டும் பேட்டரியும் சேர்க்காமலே 39 கிலோ அளவில் எடையுள்ளது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குண்டு துப்பும். ஹெலிகாப்டர் கதவிலோ வண்டியிலோ பொருத்தத்தான் அதைச் செய்தார்கள். சி.ஜே. அதையும் தூக்கிக்கொண்டு தெருவில் திரிவான். நாமும் சும்மா இருந்தோமா? 2019-இல் 'கைதி' உச்சக்காட்சியில் கார்த்தி மினிகன்னைப் பிடித்ததும் தியேட்டரில் விசிலடித்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆயுதத்தை முதலில் பார்த்தது சான் ஆண்ட்ரியாஸில்தான்.

இந்த எடைக் கணக்கை ஜிடிஏவைச் செய்த ராக்ஸ்டார் கேம்ஸ் கம்பெனியே பிறகு சரிசெய்யப் பார்த்தது. 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-இல் கதாநாயகன் தோளிலும் முதுகிலுமாக இரண்டு நீளத் துப்பாக்கிகள்தான் சுமக்க முடியும். மீதி எல்லாம் குதிரைச் சேணத்தில். குதிரை தொலைவில் நின்றால் துப்பாக்கியும் தொலைவில்தான். மழையிலும் சேற்றிலும் கிடந்தால் துப்பாக்கி அழுக்கேறி வேகம் குறையும், எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். பல பேருக்கு இது தொந்தரவாக இருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இது உண்மையாக இருந்தது.

அந்த விளையாட்டில் உழைத்த கைகளில் பெங்களூர்க் கைகளும் உண்டு. ராக்ஸ்டார் கேம்ஸ் 2016-இல் இந்த ஊரில் ஸ்டூடியோ திறந்தது. 2019 மே மாதம், இந்தியாவின் முதல் விளையாட்டுக் கம்பெனிகளில் ஒன்றான துருவா இன்டராக்டிவை, அப்போது அதைக் கையில் வைத்திருந்த ஸ்வீடனின் ஸ்டார்ப்ரீஸிடமிருந்து 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. துருவாவை ராஜேஷ் ராவ் 1997-இல் தொடங்கியபோது, வீடியோ கேம் செய்வது ஒரு வேலை என்று பெண் வீட்டாரிடம் சொல்ல முடியாத காலம்.

விளையாட்டுத் துப்பாக்கி எப்படிப் பிறக்கிறது என்பது பார்க்க அலாதியானது. ஆர்ட்டிஸ்ட் முன்னால் நூற்றுக்கணக்கில் ரெஃபரன்ஸ் போட்டோக்கள் பரப்பிக் கிடக்கும். முதலில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் தெரிகிற கனமான மாடல் ஒன்றைச் செய்வார்கள். பிறகு அதே உருவத்தைக் குறைந்த முக்கோணங்களில் திரும்பக் கட்டி, கனமான மாடலின் மேடு பள்ளங்களை ஒரு படமாக இதன்மேல் 'பேக்' செய்வார்கள். தூரத்தில் தெரியும்போது காட்டுவதற்கு இன்னும் எளிய பிரதிகள் இரண்டு மூன்று. கடைசியாகத் தேய்மானம். இங்கேதான் கைக்காரன் யார் என்று தெரியும். துப்பாக்கி முழுக்கக் கீறல் போடுபவன் கற்றுக்குட்டி. உறையில் உரசும் குழல்நுனி, கட்டைவிரல் தள்ளும் பூட்டு, உள்ளங்கை வேர்க்கும் பிடி, இந்த இடங்களில் மட்டும் கறுப்பு உரிந்து வெள்ளி எட்டிப் பார்க்க வேண்டும். கை எங்கே படும் என்பதை, அந்தப் பொருளைக் கையில் பிடித்தே இராத ஒருவர் ஊகித்து வரைகிறார். 2014-இல் ஜிடிஏ 5-க்கு முதல்நபர் பார்வை வந்தபோது துப்பாக்கி கண்ணுக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றது. அதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்து பார்த்ததால் தப்பித்த குறைகள் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பதால், ஆயுதங்களில் நிறையப் புதிதாக வேலை செய்தார்கள்.

இதே ஓசூர் ரோட்டில் இன்னும் கொஞ்சம் தெற்கே போய், பொம்மசந்திராவில் வலப்பக்கம் திரும்பினால் ஜிகணி. பொம்மனஹள்ளியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே நிஜத் துப்பாக்கி செய்கிறார்கள்! எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் என்ற பெங்களூர்க் கம்பெனி. தாய்க் கம்பெனி ஸ்டம்ப், ஷூலே அண்ட் சோமப்பா, பல பத்தாண்டுகளாக வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்து கொடுத்தவர்கள். ஸ்பிரிங் செய்தவர் துப்பாக்கிக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேகஸினில் குண்டை மேலே தள்ளுவதும் ஸ்பிரிங், சுத்தியலை அடிப்பதும் ஸ்பிரிங், பூட்டைத் திரும்பக் கொண்டுவருவதும் ஸ்பிரிங். இவர்களுடைய 'சேபர்' .338 ரக ஸ்னைப்பர் ரைஃபிள். 2024-இல் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற அளவுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரில் துப்பாக்கி வரைபவரும், லேத்தில் குழல் கடைபவரும் ஒரே சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் திருச்சி. 1966-இலிருந்து இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே செய்யும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏகே குடும்பம், அதே 7.62×39 குண்டு. சி.ஜே. க்ரோவ் தெருவில் தூக்கிக்கொண்டு ஓடியதன் பெரியப்பா மகன் காவிரிக் கரையில் பிறக்கிறான் என்று சொல்லலாம். ஜிடிஏ 5-இல் 'அட்வான்ஸ்ட் ரைஃபிள்' என்று ஒன்று, மேகஸின் பிடிக்குப் பின்னால் இருக்கும். அது இஸ்ரேலின் டாவோர். நம் சிறப்புப் படைகள் பல வருடங்களாகத் தூக்கும் துப்பாக்கி. குடியரசு தின அணிவகுப்பை டிவியில் பார்க்கும் பையன்கள் "டேய், அட்வான்ஸ்ட் ரைஃபிள்டா" என்று கத்துவதற்குக் காரணம் இதுதான். நிஜத்துக்கே விளையாட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏகே குடும்பத்தின் சீனக் கிளை டைப் 56. யாழ்ப்பாணத்துக்காரர் யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள். ஈழத்துப் பத்திரிகைகள் 'ரி-56' என்று எழுதும். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் தோளில் தொங்கியதும் அதுதான், எதிர்ப்பக்கத்துப் பையன்கள் கையில் இருந்ததும் அதுதான். டொரொண்டோவிலும் லண்டனிலும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது ஜிடிஏ ஆடுகிறார்கள். திரையில் அந்த வளைந்த மேகஸின் தெரிந்ததும் பக்கத்து சோபாவில் இருக்கும் அப்பா எழுந்து போய்விடுவது உண்டு. எடை என்பது கிலோவில் மட்டும் வருவதில்லை.

சட்டத்தின் எடை தனி. ஜிடிஏவின் 'அம்முநேஷன்' கடையில் பணம் இருந்தால் போதும், பீரங்கியைத் தவிர எல்லாம் கிடைக்கும். பெங்களூரில் துப்பாக்கி வேண்டுமென்றால் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், போலீஸ் கமிஷனர் அலுவலகம், எதற்கு உயிர்ப் பயம் என்று விளக்கம், விசாரணை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று இருந்தது. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். சி.ஜே.யைத் தேர்தல் நேரத்தில் பொம்மனஹள்ளி ஸ்டேஷன் வாசலில் நிறுத்திப் பாருங்கள். பனியனைக் கழற்றி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதற்குள் ஓட்டுப்பதிவே முடிந்துவிடும்.

இதே மாநிலத்தில் இந்தச் சட்டம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் இடமும் உண்டு, குடகு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு. மத்திய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. செப்டம்பரில் கைல்போல்து பண்டிகையன்று துப்பாக்கியைக் கழுவி, பொட்டு வைத்து, குழலில் தோக்குப்பூ செருகுவார்கள். மலையாளத்தைப் போலவே குடகு மொழியிலும் தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ எது தெரியுமா? நம் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ.

இந்தியர் செய்த துப்பாக்கி விளையாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டால் ஒரு வேடிக்கை. 2021 குடியரசு தினத்தன்று பெங்களூரின் என்கோர் கேம்ஸ் 'ஃபாஜி'யை வெளியிட்டது. பப்ஜி தடையான சூடு ஆறாத நேரம், லட்சக்கணக்கானவர்கள் முன்பதிவு. திறந்து பார்த்தால் துப்பாக்கியே இல்லை. கல்வான் பள்ளத்தாக்கு, கைச்சண்டை, கட்டை. 'இதென்ன குரு, ஸ்ட்ரீட் ஃபைட்டா?' என்று பையன்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் 2020 ஜூனில் கல்வானில் நடந்ததும் அப்படித்தான். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் சுடுவதில்லை என்று 1996-இல் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் போட்டிருந்தன. நிஜத்துக்கு விசுவாசமாக இருந்ததற்காகத் திட்டு வாங்கிய விளையாட்டு அது. பிறகு வந்த பாகங்களில் துப்பாக்கி வந்துவிட்டது.

ஆயுதத்தை உள்ளதுபோல் வடிப்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. பொம்மனஹள்ளியிலிருந்து பேகூர் ரோட்டிலேயே போனால் நாகேஸ்வரர் கோயில். 'பெங்களூரு' என்ற பெயர் முதலில் காணப்படும், சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதுவும் ஒரு சண்டையில் செத்தவனைப் பற்றியது. பேகூரில் கிடைத்த பெரிய நடுகல் ஒன்று இப்போது கப்பன் பார்க் பக்கத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குதிரை, யானை, வில், வாள், குத்துவாள் என்று ஒரு போர்க்களமே ஒரு கல்லில். எந்த வாளை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்த சிற்பி செய்தது. அவன் அதைக் கையில் பிடித்தும் பார்த்திருப்பான்.

பொம்மனஹள்ளியில் இன்றைக்கு ஒரு சாதாரண ஆள் கண்ணில் படும் நிஜத் துப்பாக்கி ஒன்றே ஒன்று. ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வேனின் கார்டு வைத்திருக்கும் பன்னிரண்டு போர், ரெட்டைக் குழல். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு இருக்குமோ, அதுதான் அந்தக் குழலின் வாய் அளவு, பதினெட்டரை மில்லிமீட்டர். மூன்று கிலோ பக்கம் கனம். கட்டையின் அடியில் ரப்பர் தேய்ந்து, தோள்வாரை எங்கேயோ கயிறு போட்டுத் தைத்திருக்கும். எந்த ஆர்ட்டிஸ்டும் வரையாத தேய்மானம் அது. இந்த கார்டுகள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பெட்டி உள்ளே போய்த் திரும்பும் வரை நிற்பார்கள். முதலில் வலத் தோள், சற்று நேரம் கழித்து இடத் தோள்.

சந்துப் பையன்கள் அவரைப் பார்த்தால் போனை இறக்கிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள். ஒருவன் மட்டும் தைரியமாக, "அங்கிள், இதுல எத்தன குண்டு போகும்?" என்று கேட்டுவிட்டான்.

"ரெண்டு."

"ரெண்டுதானா? அப்புறம்?"

"அப்புறம் ஓடணும்ப்பா."

ஆயுதபூஜைக்கு, இந்த கார்டுகளை அனுப்பும் ஏஜென்சியின் ஆபீஸில் எல்லாத் துப்பாக்கிகளையும் மேஜை மேல் வரிசையாக வைத்து, குழலுக்குக் குங்குமம், கட்டைக்குச் சாமந்தி. அதே நாளில் கிராஃபிக்ஸ் ஆபீஸ்களில் மானிட்டருக்குக் குங்குமம், கீபோர்டு மேல் வாழைக்கன்று சாயும். பட்டறைகளில் லேத்துக்கும் உண்டு. சாயங்காலம் எல்லாரும் பூசணிக்காயை ரோட்டில்தான் உடைப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிட, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முதலில் ஓடுவது அந்த மூன்று பையன்கள்.